பெயர் கொடுப்பதா, பேசாதிருப்பதா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு, நான் 52 வயதுடைய ஒரு போதகர். பணியில் சேர்ந்து 24 ஆண்டுகள் ஆகின்றன. அவற்றில் 17 ஆண்டுகள் வன்னியிலேயே கழிந்தன. எங்கள் திருச்சபையின் பேராயர் அடுத்த ஆண்டு ஓய்வுபெறுகிறார். அவருக்குப் பின் வருபவரைப் பேரவை வாக்களித்துத் தெரிவு செய்யும். பரந்தனுக்கும் மாங்குளத்துக்கும் இடையிலுள்ள சபைகளைச் சேர்ந்த சிலர் என்னிடம் வந்து, என் பெயரை முன்மொழிவதற்குச் சம்மதம் கேட்டிருக்கிறார்கள். "இவ்வளவு காலமும் யாழ்ப்பாணத்திலிருந்தே வந்தார்கள், ஒருமுறையாவது வன்னியை அறிந்தவர் வரட்டும்" என்பது அவர்களுடைய வாதம். நான் தயங்கியபோது ஒருவர் வேதாகமத்தின் நியாயாதிபதிகள் புத்தகத்தில் யோதாம் சொன்ன உவமையை எடுத்துக்காட்டி, ஒலிவமரமும் அத்திமரமும் திராட்சச்செடியும் மறுத்தபடியால்தான் முட்செடி மரங்களுக்கு அரசனாக வந்தது என்றார்.

என்னுடைய சிக்கல் வேறு. எனக்கு அந்தப் பொறுப்பில் விருப்பம் இருக்கிறது. அதிகாலையில் ஜெபிக்க முழங்காலிட்டிருக்கும்போதே, பதவியேற்பு ஆராதனையில் என்ன பேசுவேன் என்று மனம் சொற்களைக் கோக்கத் தொடங்கிவிடுகிறது. இது என்னை அச்சுறுத்துகிறது. நான் போய்விட்டால், கணவரை இழந்த பெண்களுக்காக நடத்தும் சேமிப்புக் குழுக்களும் பிள்ளைகளின் மாலை வகுப்பும் நின்றுவிடுமோ என்ற கவலையும் உண்டு. முன்மொழியப்படக்கூடிய மற்றவர், பிலிமத்தலாவை இறையியல் கல்லூரியில் என்னோடு ஒரே அறையில் இருந்த நண்பர். என் மனைவி ஆசிரியை; மகள் அடுத்த ஆண்டு உயர்தரப் பரீட்சை எழுத இருக்கிறாள். விருப்பம் இருக்கிறது என்பதற்காகவே நான் விலகிக்கொள்ள வேண்டுமா?

— வன்னியிலிருந்து ஒரு போதகர்

பதில்: அன்பின் சகோதரருக்கு, எந்தத் திருச்சபை என்பதைக் குறிப்பிடாமல் எழுதியிருக்கிறீர்கள். அது நல்லது. நான் சொல்லப்போவது வன்னியில் பணிபுரியும் எந்தக் குருவானவருக்கும் பொருந்த வேண்டும் என்றே விரும்புகிறேன்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். விருப்பம் இருப்பதனாலேயே விலக வேண்டியதில்லை. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, கண்காணிப்பை, அதாவது ஆயர் பணியை, விரும்புகிறவன் நல்ல வேலையை விரும்புகிறான் என்கிறார். அங்கே பதவி என்ற சொல் இல்லை, வேலை என்ற சொல்தான் இருக்கிறது. ஆயர்நிலை என்பது ஒரு தொழிலின் பெயரே தவிர ஒரு மதிப்பின் பெயரன்று என்று அகுஸ்தீனார் அந்த இடத்தை விளக்கினார். கொள்ளைநோயால் உரோமை நகரம் நலிந்திருந்த 590ஆம் ஆண்டில், தப்பிக்கொள்ள முயன்றும் முடியாமல் பாப்பரசரான பெரிய கிரகோரியார் இன்னொரு படி மேலே போனார். பவுல் அந்தச் சொல்லை எழுதிய காலத்தில், சபைக்கு முன்னால் நிற்பவனே வேதனைக்கும் மரணத்துக்கும் முதலாவதாக இழுத்துச் செல்லப்பட்டான் என்பதை அவர் நினைவூட்டுகிறார். ஆகவே அந்த வசனத்தைத் தன் ஆசைக்குச் சான்றாகக் கொள்பவர், அந்த விலையையும் சேர்த்தே விரும்புகிறாரா என்று தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய கருத்து.

அதே கிரகோரியார், ஏசாயாவையும் எரேமியாவையும் அருகருகே நிறுத்திப் பார்த்ததை நான் பல ஆண்டுகளாக மனத்தில் வைத்திருக்கிறேன். ஏசாயா, இதோ அடியேன், என்னை அனுப்பும் என்று தானாகவே முன்வந்தார். எரேமியாவோ, நான் சிறுபிள்ளை, பேச அறியேன் என்று பின்வாங்கினார். இருவரும் மெய்யான தீர்க்கதரிசிகளே. ஆனால் முன்வந்தவர், பலிபீடத்து நெருப்புத்தழல் தன் உதட்டைத் தொட்ட பின்னரே முன்வந்தார். பின்வாங்கியவர், கர்த்தர் மறுபடியும் சொன்னபோது பிடிவாதமாக மறுத்துக்கொண்டிருக்கவில்லை. முன்வருவதிலும் பின்வாங்குவதிலும் தனியாக ஒரு புண்ணியமும் இல்லை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல எனக்குத் தெரியாது. நம்முடைய சபைகளில் "எனக்கு இதெல்லாம் வேண்டாம்" என்று நாலு பேர் கேட்கச் சொல்லிக்கொண்டிருப்பவரைத் தாழ்மையுள்ளவர் என்று எண்ணிவிடுகிறோம். அவரைவிட, எனக்கு விருப்பம் இருக்கிறது, அது என்னைப் பயமுறுத்துகிறது என்று எழுதிய நீங்கள் உண்மைக்கு அருகில் நிற்கிறீர்கள்.

இனி, ஜெபவேளையில் வந்து குறுக்கிடும் அந்தப் பதவியேற்பு உரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைத் துரத்த முயலவேண்டாம். அந்தக் காட்சி எங்கே நின்றுவிடுகிறது என்று கவனியுங்கள். பெரும்பாலும் அது பாடல்களோடும் மாலைகளோடும் நின்றுவிடும். அதை மறுநாள் காலைவரை நீட்டிப் பாருங்கள். மேசையில், இடமாற்றம் வேண்டும் என்று ஒரு போதகரும், அவர் எங்கள் சபைக்கு வேண்டாம் என்று அந்தச் சபையாரும் எழுதிய இரண்டு கடிதங்கள் இருக்கும். இடப்பெயர்வில் உறுதிப்பத்திரம் தொலைந்துபோன ஒரு சபைக் காணிக்கு, எல்லையை அரக்கிவிட்ட அயலவரோடு பல ஆண்டுகளாக நடந்துவரும் வழக்கு இருக்கும். வெளிநாட்டுப் பணத்தில் தொடங்கிய ஒரு திட்டத்தின் கணக்கில் பற்றுச்சீட்டுகள் பொருந்தாமல் இருக்கும். ஒரு குருவானவரின் குடும்பத்தில் நடந்த வெளியில் சொல்ல முடியாத துயரத்தை, நள்ளிரவுத் தொலைபேசியில் நீங்கள் ஒருவரே கேட்டு, ஒருவருக்கும் சொல்லாமல் சுமந்துகொண்டு மறுநாள் சிரித்த முகத்தோடு ஒரு திறப்புவிழாவில் நிற்கவேண்டியிருக்கும். உரைக்குப் பிந்திய இந்த நாள்களை நினைத்த பின்பும் உள்ளத்தில் அமைதியான ஒரு விருப்பம் எஞ்சியிருக்குமானால் அதை மதியுங்கள். எஞ்சவில்லை என்றால், நீங்கள் விரும்பியது அந்த ஒரு காலைப்பொழுதை மட்டுமே. அது வெட்கப்படவேண்டிய காரியமன்று, ஆனால் அதற்காக ஒரு திருச்சபையை ஏற்றுக்கொள்ள முடியாது.

"வன்னியை அறிந்தவர் வரட்டும்" என்ற வாதத்தை நான் இலேசாகத் தள்ளமாட்டேன். 1995இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களைப் பள்ளிக்கூடங்களிலும் மரநிழல்களிலும் ஏற்றுக்கொண்ட மண் இது. 2009இல் எல்லாவற்றையும் இழந்து, செட்டிகுளத்து முகாம்களில் முட்கம்பிக்குள் இருந்து, பின்பு தறப்பாளின் கீழ் மறுபடியும் தொடங்கிய மக்கள் இவர்கள். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் போராட்டத்தைத் தொடங்கிய தாய்மார், முடிவு தெரியாமலே ஒருவர்பின் ஒருவராக இறந்துகொண்டிருக்கிறார்கள். இவற்றை அறிக்கையில் படித்தவருக்கும், அந்த வீடுகளின் திண்ணையில் இருந்து கேட்டவருக்கும் வேறுபாடு உண்டு.

ஆயர் ஒருவரின் இருக்கைக்கு எவ்வளவு கனம் உண்டு என்பதையும் வன்னி கண்டிருக்கிறது. 1992 முதல் 2016 வரை மன்னார் மறைமாவட்டத்தின் ஆயராயிருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகை, 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் சாட்சியமளித்தபோது, 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்த மக்கள் 429,059 பேர் என்ற கச்சேரி (மாவட்டச் செயலகம்) புள்ளிவிபரத்தையும், அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 282,380 பேர் என்ற கணக்கையும் எடுத்து வைத்து, எஞ்சிய 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அந்தக் கழித்தல் கணக்கை எந்தப் பாடசாலைப் பிள்ளையும் செய்திருக்கலாம். ஆனால் ஓர் ஆயர் கேட்டபடியால் அது உலகத்தின் காதில் விழுந்தது. அதற்காக அவர் விசாரிக்கவும்பட்டார். ஆகவே பொறுப்பு என்பது வெறும் அலங்காரம், ஊழியத்தை எங்கிருந்தும் செய்யலாம் என்று உங்களுக்குச் சொல்பவர்களை நம்பவேண்டாம். சில காரியங்கள் அந்த இருக்கையிலிருந்து சொன்னால் மட்டுமே கேட்கும்.

இருந்தாலும் ஒன்றை யோசியுங்கள். இரணைமடுக் குளத்தின் கீழ், நீர் போதாத ஆண்டில் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது, யாருக்கு எவ்வளவு பங்கு என்று கூட்டம் கூடித் தீர்மானிப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருப்பவர், கதிர் பறியும் நேரத்தில் தண்ணீர் வராமல் பயிர் கருகுவதைக் கண்டவர். அவரிடம் நீர்ப்பங்கீட்டுப் பொறுப்பைக் கொடுத்தால் கடைசி வயல் மறக்கப்படாது என்பது உண்மை. ஆனால் குளத்து நீரைத் திறந்துவிடும் துருசுக்கு அருகிலுள்ள வயலிலும் நிற்பது நெல்தான் என்பதையும் அவர் மறந்துவிடக்கூடாது. பழைய கணக்கைத் தீர்க்க நினைத்து மேல் வாய்க்காலை ஒரு கிழமை மூடினால், அடுத்த போகத்தில் அவரை ஒருவரும் நம்பமாட்டார்கள். நீங்கள் தெரிவு செய்யப்பட்டால், வலிகாமத்தில் பிள்ளைகள் எல்லாரும் வெளிநாடு போய் முதியவர்கள் மட்டும் எஞ்சியிருக்கும் சபைக்கும், தீவகத்தில் பத்துக் குடும்பம்கூட இல்லாத சபைக்கும் நீங்களே தகப்பன். அவர்களை மனக்கண்ணில் நிறுத்தி ஜெபிக்கும்போது உங்கள் உள்ளம் இளகுகிறதா, இறுகுகிறதா? வன்னியின் நியாயம் உங்களிடத்தில் அன்பாக இருக்கிறதா, ஆற்றாமையாக இருக்கிறதா என்பது அந்த இடத்தில்தான் தெரியவரும்.

யோதாமின் உவமையை உங்களுக்குச் சொன்னவர் நல்ல மனத்தோடுதான் சொல்லியிருப்பார். எனினும் அதில் ஒரு பொறி இருக்கிறது. நீங்கள் ஒலிவமரம் என்று ஒத்துக்கொண்ட கணத்திலேயே முட்செடி யார் என்ற கேள்வி எழுகிறது. உங்களோடு ஒரே அறையில் இருந்த நண்பர்மேல் நீங்கள் தீர்ப்புச் சொன்னவராகிவிடுகிறீர்கள். மேலும் அந்த மரங்கள் சோம்பலினால் மறுக்கவில்லை. என் எண்ணெயை விட்டு, என் இனிய பழத்தை விட்டு வரவேண்டுமா என்றே கேட்டன. உங்கள் கனி எது, அந்தப் பொறுப்பில் அது இன்னும் காய்க்குமா, அல்லது அதை விட்டுத்தான் போகவேண்டுமா என்பதே உங்களுக்குரிய கேள்வி. வீடுவீடாகப் போவதில் மட்டுமே மலர்கிறவர் சிலர் உண்டு. கூட்டத்தில் பிணக்கைத் தீர்ப்பதிலும் இளம் போதகரை வளர்ப்பதிலும் மலர்கிறவர் சிலர் உண்டு. இதை நீங்களாகத் தீர்மானிக்கவேண்டாம். உங்களோடு வேலை செய்து, உங்களால் மனம் நொந்தும் இருக்கிற ஒருவரிடம் கேளுங்கள்.

என் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் என் பெயரும் ஒரு பொறுப்புக்கு முன்மொழியப்பட்டது. நான் யாரிடமும் வாக்குக் கேட்கவில்லை என்று உறுதியாக நம்பியிருந்தேன். தெரிவு நடந்தது, நான் வரவில்லை. சில மாதங்களின்பின் வேறொரு தேவைக்காக என் வீட்டுச் சந்திப்புக் குறிப்பேட்டைப் புரட்டியபோது, தெரிவுக்கு முந்திய ஆறு மாதங்களில், பேரவை உறுப்பினர்களாயிருந்தவர்களின் வீடுகளுக்கு மூன்றும் நான்கும் தடவை போயிருந்ததையும், படுக்கையில் கிடந்த ஒரு முதியவரின் வீட்டுக்கு ஒருமுறைகூடப் போகாததையும் என் கையெழுத்திலேயே கண்டேன். அந்த முதியவர் அதற்குள் இறந்துவிட்டார். என் மனச்சாட்சி எனக்குச் சொல்லாததை அந்தக் குறிப்பேடு சொன்னது. இன்றிரவே உங்கள் குறிப்பேட்டை எடுத்துப் பாருங்கள் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

சேமிப்புக் குழுக்களும் மாலை வகுப்பும் நீங்கள் இல்லாமல் நின்றுவிடும் என்றால், அது பேராயர் தெரிவோடு தொடர்பில்லாத ஒரு குறை. நுண்கடன்காரர் வாசலில் வந்து நிற்கும் ஒரு கிராமத்தில், அந்தப் பெண்களின் சேமிப்பு ஒரு போதகரின் இடமாற்றத்தோடு முடிந்துபோவது அநியாயம். கணக்குப் புத்தகத்தையும் வங்கிக் கையொப்பத்தையும் இந்த மாதமே அவர்களிடம் ஒப்படைக்கத் தொடங்குங்கள்.

சம்மதம் கொடுத்த பின்பு மனைவியிடம் சொல்லவேண்டாம். கொடுக்கும் முன்பு கேளுங்கள், அவர் "வேண்டாம்" என்று சொன்னால் அதை ஏற்கும் மனத்தோடு கேளுங்கள். நண்பரிடம் தொலைபேசியில் அன்றி நேரில் போங்கள்.

காலத்தைப் பற்றியும் ஒரு சொல். இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார், உள்ளம் வறண்டு இருண்டிருக்கும் வேளையில் முன்பு எடுத்த தீர்மானத்தை மாற்றக்கூடாது என்று கற்பித்தார். பேரவையில் யாரோ உங்களை அவமதித்த அன்று பெயர் கொடுக்கவும் வேண்டாம், விலகவும் வேண்டாம். முன்பின் அறியாத ஒருவர் இதே நிலையில் உங்களிடம் ஆலோசனை கேட்டால் என்ன சொல்வீர்கள் என்றும், மரணப்படுக்கையில் இருந்து திரும்பிப் பார்க்கும்போது எதைச் செய்திருக்க விரும்புவீர்கள் என்றும் எண்ணிப் பார்க்கச் சொன்னவரும் அவரே. இரண்டையும் எழுதிப் பாருங்கள். எழுதும்போது மனம் தன்னை ஏமாற்றுவது சற்றுக் கடினமாகிறது.

அப்போஸ்தலர் நடபடிகளின் முதலாம் அதிகாரத்தில், யூதாசின் இடத்துக்கு இருவரை நிறுத்திச் சீட்டுப் போட்டார்கள். சீட்டு மத்தியாவின் பெயருக்கு விழுந்தது. மற்றவர் யுஸ்து என்ற மறுபெயருடைய யோசேப்பு பர்சபா. யோவானின் ஞானஸ்நானம் தொடங்கி ஆண்டவர் எடுத்துக்கொள்ளப்பட்ட நாள்வரை கூடவே இருந்தவர். மத்தியாவுக்கு எந்த வகையிலும் குறையாதவர். அவர் அன்று வீட்டுக்கு எப்படிப் போயிருப்பார் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. பெயர் கொடுப்பதென்றால் மத்தியாவாக மட்டுமல்ல, பர்சபாவாகவும் இருக்கச் சம்மதித்தே கொடுக்கவேண்டும். தெரிவு முடிந்த மறுநாள், நண்பர் பேராயராக, நீங்கள் பழைய மோட்டார் சைக்கிளில் அதே செம்மண் பாதையில் அதே வீட்டுக்குப் போகிறீர்கள். அந்தக் காட்சியையும் ஜெபத்தில் கொண்டுவாருங்கள். அதைச் சகித்துக்கொள்ளவே முடியவில்லை என்றால் இம்முறை பெயர் கொடுக்கவேண்டாம்.

என் எண்ணத்தைக் கேட்டால், உங்கள் மனைவி சம்மதித்து, குறிப்பேடும் உங்களைக் குற்றப்படுத்தாவிட்டால், முன்மொழிய விடுங்கள் என்றே சொல்வேன். முன்மொழிபவர்களிடம், யாழ்ப்பாணம் வன்னி என்று பேசி வாக்குக் கேட்கக்கூடாது என்று தொடக்கத்திலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். அவர்கள் அதற்கு இணங்காவிட்டால் சம்மதத்தைத் திரும்பப் பெறுங்கள்.

கேள்வி: எங்கள் கத்தோலிக்கத் திருச்சபையில் ஆயரை மக்கள் தெரிவு செய்வதில்லை. அப்படியிருக்க, ஒரு குருவானவர் ஆயராக விரும்புவது தவறா? அவர் தேர்ந்து தெளிய வேண்டியது ஏதும் உண்டா?

— வவுனியாவிலிருந்து ஒரு வாசகி

பதில்: நடைமுறை வேறு; உள்ளத்தில் நடப்பது ஒன்றே. 1981இல் யாழ்ப்பாண மறைமாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு, மன்னார், வவுனியா மாவட்டங்களை உள்ளடக்கி அமைந்த மன்னார் மறைமாவட்டத்துக்கும், கிளிநொச்சி, முல்லைத்தீவை உள்ளடக்கிய யாழ்ப்பாண மறைமாவட்டத்துக்கும் ஆயரை நியமிப்பவர் பாப்பரசரே. திருத்தந்தையின் தூதுவர் இரகசியமாகப் பலரைக் கலந்தாலோசித்து, வழக்கமாக மூன்று பெயர்களை உரோமைக்கு அனுப்புகிறார். குறைந்தது 35 வயதும், குருவாகி 5 ஆண்டுகளும் நிறைந்திருக்கவேண்டும். 75 வயதில் பதவி விலகல் கடிதம் கொடுக்கும்படி ஆயர் கேட்டுக்கொள்ளப்படுகிறார்.

இந்த முறையில் குருவானவர் பெயர் கொடுக்க இடமில்லை. ஆனால் அழைப்பு வந்தபின் ஏற்பதா மறுப்பதா என்பது அவர் கையில் இருக்கிறது, அதற்குக் கிடைக்கும் அவகாசமும் குறைவு. ஆகவே அவருடைய தேர்ந்து தெளிதல், அழைப்பு வருமுன்னரே அன்றாட வாழ்க்கையில் நடந்து முடிந்திருக்கவேண்டும். வாக்களிப்பு இல்லாத இடத்தில் ஆசை வேறு வழியால் போகும்: மேலிடத்துக்கு உவப்பானதையே பேசுவது, கிராமப் பங்குக்குப் போவதைத் தண்டனையாக நினைப்பது, மடுத் திருவிழாவில் யாருக்கு அருகில் நிற்பது என்று பார்ப்பது. இயேசு சபையினர், உயர்பதவியைத் தாமாக நாடமாட்டோம் என்று வாக்குறுதி கொடுப்பது இந்த ஆபத்தை அறிந்துதான்.

கேள்வி: நான் பேரவையில் வாக்களிக்கும் ஒரு சபைப் பிரதிநிதி. முன்மொழியப்படுபவர்களில் யாரையும் எனக்கு நெருக்கமாகத் தெரியாது. எதை வைத்துத் தீர்மானிப்பது?

— முல்லைத்தீவிலிருந்து ஒரு கமக்காரர்

பதில்: வடபகுதியில் அமெரிக்க மிஷன் வழிவந்த சபைகளில் முன்பு ஆயர் என்ற முறையே இருந்ததில்லை. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதில் இணைந்தே அவை ஆயரை ஏற்றுக்கொண்டன. அவர்களின் முதல் பேராயர் சபாபதி குலேந்திரன். 1970 வரை பணிசெய்தார். சபையார் கூடித் தீர்மானித்து வந்த மரபை விட்டுவிடாமலே ஆயரையும் ஏற்றுக்கொண்டவர்கள் அவர்கள். ஆகவே உங்கள் கையிலுள்ள வாக்குச்சீட்டும் தேர்ந்து தெளிதலில் ஒரு பங்குதான், ஐயா. அதை ஊருக்கும் உறவுக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

பேச்சைக் கேட்டு முடிவெடுக்கவேண்டாம்; நன்றாகப் பேசுவது எங்கள் எல்லோருக்கும் தொழில். அவர் முன்பு பணிசெய்து விட்டுப்போன சபைக்கு ஒருநாள் போங்கள். கணக்குப் புத்தகங்கள் ஒழுங்காக ஒப்படைக்கப்பட்டனவா என்று பொருளாளரிடம் கேளுங்கள். அவருக்குப் பின் வந்த போதகரை அவர் தொந்தரவு செய்யாமல் விட்டாரா என்று கேளுங்கள். பிறகு கோயிற்பிள்ளையிடமும், கோயிலைக் கூட்டித் துடைக்கும் அம்மாவிடமும் கேளுங்கள். அவர்களிடம் அவர் எந்தக் குரலில் பேசினார் என்பதை அவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அறுவடை முடிந்ததும், மாசியில் போனால் அவர்களுக்கும் உங்களுக்கும் நேரம் கிடைக்கும்.